முதலில் சொல்கிறவர்

எங்கள் அலுவலக வாசல் படலையில் சிவப்பு நோட்டீஸ் ஒட்டியவர் வேறு யாருமில்லை, எங்கள் டொக்டரேதான். 'இவ்வளாகத்தில் நுளம்புக் குடம்பிகள் காணப்பட்டன' என்று பெரிய எழுத்தில் இருந்தது. ஊரில் வீடு வீடாகப் போய் அந்த நோட்டீசை ஒட்டுவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களாகிய எங்கள் வேலை. சிரட்டையிலும் பழைய ரயரிலும் தண்ணீர் தேங்கவிட்டு டெங்கு நுளம்பை வளர்ப்பவர்களை வெருட்டுவதும் நாங்கள்தான். அன்று காலை அவர் அலுவலகத்தின் பின்பக்கம் போயிருக்கிறார். பழுதாகிக் கிடந்த குளிர்சாதனப் பெட்டியின் தட்டில் குடம்பிகள் நெளிந்திருக்கின்றன. நாங்கள் வேலைக்கு வந்து சேர்ந்தபோது நோட்டீசின் பசை இன்னும் காயவில்லை.

"சனம் சிரிக்கப்போகுது டொக்டர்" என்றேன்.

"சிரிக்கட்டும். நாளைக்கு நீங்கள் இன்னொருத்தற்ற வீட்டில ஒட்டேக்க, அவை உங்களோட சண்டைக்கு வராயினம்."

சனம் சிரித்ததுதான். சந்தைக்கு வந்தவர்கள் படலைக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். ஒரு முச்சக்கரவண்டிக்காரன் ஒரு கிழமைக்கு என்னைக் கண்ட இடமெல்லாம் "ஐயா, உங்கட வளவைத் துப்பரவாக்கியாச்சோ?" என்று கேட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் டொக்டர் சொன்னதும் நடந்தது. அந்த மழைக்காலம் முழுக்க ஒருவரும் என்னோடு சண்டை பிடிக்கவில்லை.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. ஓய்வுபெற்று எங்கேயோ மகளோடு இருக்கிறார் என்று கேள்வி. அனுமதி கேட்டால் தன்னுடைய பிழைகளை எல்லாம் முதலில் எழுதச் சொல்லுவார். அந்தத் தொல்லை எனக்கு வேண்டாம்.

கட்டையான உருவம். பருத்திச் சேலை, காலில் விளையாட்டுச் சப்பாத்து. வயல் வரம்பிலும் அதுதான், அரச அதிபரின் கச்சேரிக் கூட்டத்திலும் அதுதான். இரகசியம் பேசத் தெரியாது. கைத்தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுத்தான் கதைப்பார். மேலிடத்தில் இருந்து ஏச்சு விழுந்தாலும் அப்படித்தான், முழு அலுவலகமும் கேட்டுக்கொண்டிருக்கும். எங்கள் ஊருக்கு அவர்தான் சுகாதார வைத்திய அதிகாரி. வைத்தியசாலையில் நோயாளி பார்க்கிற டொக்டர்களுக்கு இருக்கிற மரியாதை அந்த வேலைக்கு இல்லை. கிணற்றையும் மலசலகூடத்தையும் சாப்பாட்டுக் கடையின் குசினியையும் எட்டிப் பார்க்கிற டொக்டரை யார் மதிக்கப்போகிறார்கள்?

டெங்குக் காலத்தில் எல்லாப் பகுதிக்காரரையும் ஒரு மேசைக்குக் கூப்பிடுவார். நகரசபைச் செயலாளர், நீர்ப்பாசனத்து ஆள், பாடசாலை அதிபர்கள், பக்கத்து முகாமில் இருந்து ஒரு இராணுவ அதிகாரி. இப்படியான கூட்டங்களில் என்ன நடக்கும் என்று உத்தியோகம் பார்த்தவர்களுக்குத் தெரியும். செயலாளர் பாடசாலையைச் சொல்வார், அதிபர் நகரசபையைச் சொல்வார், இராணுவத்தை ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். தேத்தண்ணியும் வடையும் முடிய எழும்பிப் போய்விடுவார்கள். எங்கள் டொக்டர் அதற்கு இடம் வைக்கமாட்டார். வந்தவர்கள் கதிரையில் இருக்க முன்னமே தொடங்கிவிடுவார்.

"முதல்ல எங்கட பக்கத்துப் பிழையைச் சொல்லுறன், கேளுங்கோ. போன மாதம் சந்தைப் பக்கம் நாங்கள் ஒருக்காலும் போகேல்ல. புகை அடிக்கிற மெசின் பழுது. அதைத் திருத்த அனுப்ப நான் மறந்துபோனன்."

பிறகு பேசாமல் இருப்பார். அந்த மௌனம் ஒருவராலும் தாங்க ஏலாதது. கொஞ்சம் செல்ல அதிபர் ஒருவர் தொண்டையைச் செருமி, தங்கள் கூரைப் பீலி இரண்டு வருடமாகத் துப்பரவாக்கப்படவில்லை என்பார். ஒருமுறை அந்த இராணுவ அதிகாரியே, முகாமுக்குப் பின்னால் மூடியில்லாத தாங்கி ஒன்று இருக்கிறது, வந்து பாருங்கள் என்று தன் உடைந்த தமிழில் சொன்னார். நாங்கள் போனோம், பார்த்தோம், மூடினோம். அந்தமுறை காய்ச்சல் குறைந்தது. இது பலித்தது என்பதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் இருந்தது. பிழையை முதலில் சொல்கிறவருக்கு அதில் ஒரு பெருமையும் இருக்கிறது. சொல்லி முடித்ததும் டொக்டரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். குளித்துவிட்டு வந்தவர் போல இருப்பார். அந்த வெளிச்சம் எனக்குப் பிடிக்காது.

சண்டை முடிந்து செட்டிகுளத்து முகாமில் சனம் அடைபட்டிருந்த காலத்தில் அவர் அங்கே வேலை செய்தவர். அதைப் பற்றி அதிகம் கதைக்கமாட்டார். ஒருநாள் ஒட்டுசுட்டான் பக்கம் போய்வரும்போது யானை மறித்து, ஜீப்பை நிற்பாட்டிவிட்டுக் காத்திருந்தோம். அப்போது தானாகவே சொன்னார்.

"அங்க ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு அமைப்பு பொறுப்பு. வயித்தோட்டம் வந்தா, தங்கட பகுதியில வந்தது எண்டு ஒருத்தரும் சொல்லாயினம். பொறுப்பை எடுத்துப் போடுவினம் எண்ட பயம். நான் என்ர பகுதியில வந்ததை ரெண்டு நாள் பிந்தித்தான் சொன்னனான். அதுக்கிடையில அது வேலியைத் தாண்டிப் போயிட்டுது."

"செத்தவையோ, டொக்டர்?"

யானை விலகியது, நாங்கள் போனோம்.

பெரிய நகரங்களின் சுகாதார அதிகாரிகள் புதன்கிழமைகளில் கணினி வழியே கூடிப் பேசுகிற வழக்கம் ஒன்று தொடங்கியிருந்தது. தெற்கு, மலைநாடு, கிழக்கு, வடக்கு என்று நாலாபக்கத்து நகரங்களும் அதில் இருந்தன. ஒரு நகரத்தில் தொடங்குகிற காய்ச்சல் மற்ற நகரத்துக்குப் போவதற்கு முன் செய்தி போகவேண்டும் என்பதுதான் நோக்கம். எங்கள் ஊர் அந்த வரிசையில் வராது. யாழ்ப்பாணம் போகிற கண்டி வீதியோரம் ஒரு சந்தை, ஒரு பஸ் நிலையம், சுற்றிவர வயலும் காடும். அவ்வளவையும்தான் நாங்கள் நகரம் என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் டொக்டர் விடவில்லை. "உங்கட நகரம் எல்லாம் எங்கட ரோட்டாலதான் ஒண்டை ஒண்டு போய்ப் பாக்குது. அதுகள் இறங்கித் தேத்தண்ணி குடிக்கிற இடம் நாங்கள்" என்று ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்துச் சொன்னார். கரைச்சல் தாங்காமல் சேர்த்துக்கொண்டார்கள்.

கூட்டம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நடக்கும். நான் இங்கே எழுதுவது என் தமிழில். டொக்டருக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு என்னையும் இருத்திவிடுவார். பெரிய நகரத்துக்காரர்களும் எங்கள் நகரசபைச் செயலாளரைப் போலத்தான் என்று கண்டபோது எனக்கு ஒரு ஆறுதல். எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். எங்கள் டொக்டரின் முறை வரும். "எங்கள் பக்கத்துப் பிழையைச் சொல்கிறேன்" என்று தொடங்குவார். முதலில் சிரிப்பு. பிறகு பிறகு, அவர்களும் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்கள். ஒரு வருடத்துக்குள் அது உண்மையாகவே பேசுகிற கூட்டமாக மாறியது. அது அவர் செய்த வேலை.

இனி அந்தச் சாப்பாட்டுக் கடையைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ஓடுகிற தூரப் பஸ்கள் எங்கள் ஊரில் நிற்கிற கடை அது. கடைக்காரரை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம். வடக்கு முஸ்லிம்களை எல்லாம் வெளியேற்றிய காலத்தில், சிறு வயதில் குடும்பத்தோடு துரத்தப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, சண்டை முடிந்தபிறகு திரும்பி வந்தவர். சொந்த ஊரில் காணி காடாகிக் கிடந்ததால் எங்கள் ஊரில் கடை போட்டார். மனைவியும் மனைவியின் தங்கையும் சமையல். முன்கோபக்காரர். தண்ணீர் அண்டாவுக்குள் எவராவது கோப்பையை விட்டு மொண்டால் பஸ் சாரதி என்றும் பாராமல் ஏசுவார். குழாயைத் திறந்துதான் பிடிக்கவேண்டும். அந்தச் சுத்தத்துக்காக எங்கள் சுகாதாரப் பகுதி நல்ல தரச் சான்றிதழ் கொடுத்திருந்தது. டொக்டரே கையால் கொடுத்தது. அதை நானா சட்டம் போட்டு மேசைக்கு மேலே மாட்டியிருந்தார்.

அந்த வருடம் வெயில் கொடுமை. குளங்கள் அடி தெரிய வற்றிப்போயின. ஒரு புதன்கிழமை மலைநாட்டு நகரத்து அதிகாரி, பிள்ளைகள் சிலருக்குச் செங்கமாரி வந்திருக்கிறது, எங்கிருந்து என்று பிடிபடவில்லை என்றார். எங்கள் பக்கமும் உண்டு என்றார் தெற்கில் ஒருவர். கிழக்கிலும் உண்டு. ஒவ்வொரு இடத்திலும் ஒன்றிரண்டு பேர்தான். தனியே பார்த்தால் ஒன்றுமில்லாத விஷயம். டொக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த நோய் உடம்புக்குள் ஒரு மாதமளவு பதுங்கி இருந்துதான் கண்ணில் மஞ்சளாகத் தெரியும், ஆகவே போன கிழமை எங்கே சாப்பிட்டார்கள் என்று கேட்டுப் பலனில்லை, போன மாதம் எங்கே போனார்கள் என்று கேளுங்கள் என்றார்.

அடுத்த புதன்கிழமை பதில்கள் வந்தன. எல்லாரும் யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாவுக்குப் போய்த் திரும்பிய குடும்பங்கள். வழியில் எங்கே இறங்கினார்கள்? கண்டி வீதியில் ஒரு கடை. பெயர் தெரியவில்லை. முன்னால் புளியமரம் என்றது ஒரு குடும்பம். பக்கத்தில் ரயர்க் கடை என்றது மற்றக் குடும்பம். தண்ணீர் மொள்ளப் போய்க் கடைக்காரரிடம் ஏச்சு வாங்கினோம் என்றாராம் கிழக்கில் ஒரு தகப்பன்.

நானும் டொக்டரும் ஆளையாள் பார்த்தோம். அவருடைய முகம் செத்துப்போனது.

"பொறுங்கோ டொக்டர்" என்றேன் மெல்ல. "முதல்ல போய்த் தண்ணி எடுத்துப் பாப்பம். கடையை இண்டைக்கே பூட்டலாம். பெயரைச் சொல்லத் தேவையில்லை."

"மூண்டு நகரத்துப் பிள்ளையள் படுத்திருக்கினம். மற்ற ஆக்களிட்ட ஒளிக்காதேங்கோ எண்டு இவ்வளவு நாளும் கேட்டுட்டு, என்ர ஊர் எண்ட உடன நான் ஒளிக்கிறதோ? அந்தச் சான்றிதழ் நான் குடுத்தது. இது என்ர பிழை."

திரும்பி ஒலிவாங்கியில் கடையின் பெயரைச் சொன்னார். எங்கள் பக்கத்துப் பிழை என்று தொடங்கி, ஊர், சந்தி, புளியமரம் எல்லாம் சொன்னார். அவர்கள் நன்றி சொன்னார்கள். ஒருவர், இப்படி எல்லாரும் வெளிப்படையாக இருந்தால் எவ்வளவு நல்லது என்று பாராட்டினார். அந்த வெளிச்சம் அவருடைய முகத்தில் வந்ததை நான் பார்த்தேன். தன்னுடைய பிழை என்று நினைத்துக்கொண்டு அவர் இன்னொரு மனிதருடைய பெயரைச் சொல்லிவிட்டார் என்பது எனக்கும் அப்போது முழுதாக உறைக்கவில்லை.

நாங்கள் ஜீப்பில் கடைக்குப் போய்ச் சேர முன்னமே செய்தி போய்விட்டது. எந்த நகரத்தில் இருந்து கசிந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. நானா தொலைபேசியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். திரையில் அவருடைய கடையின் படம். குறுக்கே சிவப்புக் கோடு போட்டு, விஷக் கடை என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே அவருடைய சமயத்தைப் பற்றி எழுதியவற்றை நான் இங்கே எழுதமாட்டேன்.

"டொக்டர்" என்றார் நானா. கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. "எனக்கும் ஒரு வார்த்தை முதல்ல சொல்லியிருக்கலாமே."

எல்லாருக்கும் முதலில் சொல்கிறவர் அந்த மனிதருக்குத்தான் கடைசியாகச் சொல்ல வந்திருந்தார்.

கடையைப் பூட்டினோம். சமைக்கிற பெண்களின் இரத்தம், தண்ணீர், பாத்திரம் எல்லாம் சோதனைக்குப் போயின. அந்தப் பெண்கள் இருவரிடமும் நோயில்லை. குசினியில் பிழையில்லை. தண்ணீரில்தான் இருந்தது. வெயிலுக்கு அவருடைய கிணறு வற்றி, நகரசபைப் பவுசர் லொறி கொண்டுவருகிற தண்ணீரை அண்டாவுக்கு நிரப்பியிருக்கிறார். பவுசர் நிரப்புகிற கிணற்றைத் தேடிப் போனோம். மீள்குடியேற்றக் காலத்தில் அவசரம் அவசரமாக வீடு கட்டிக் கொடுத்த காணிகள். துண்டுக் காணிக்குள் கிணறும் மலக்குழியும் நாலு எட்டு இடைவெளிகூட இல்லாமல் வெட்டியிருந்தார்கள். வெடித்த குழி ஒன்று கிணற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது.

அதே பவுசர் தண்ணீரைத்தான் ஊரில் பாதிப் பேர் குடித்தார்கள். அவர்களுக்கு ஏன் வரவில்லை என்று செயலாளர் கேட்டார். டொக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எங்கட சனத்துக்கு இது முகாமிலயே வந்து போட்டுது. ஒருக்கா வந்தா பிறகு வராது. சின்னனுகளுக்கு வந்தாலும் வெளியில தெரியாது. நகரத்தில சுத்தமா வளந்த பிள்ளையளுக்குத்தான் படுத்தியிருக்கு. தூரப் பஸ் நிக்கிறது அந்தக் கடையில மட்டும்தானே."

கிணற்றை மூடினோம். பவுசருக்கு வேறு கிணறு கொடுத்தோம். எல்லாப் பிள்ளைகளும் பிழைத்தார்கள். செயலாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, பவுசர்க் கதையை வெளியில் விட்டால் சனம் தண்ணீரே குடியாது, அதை இத்தோடு விடச் சொல்லுங்கள் என்றார். டொக்டர் விடுவாரா? அந்தப் புதன்கிழமையே கூட்டத்தில் சொன்னார். கடையில் பிழையில்லை, பிழை எங்கள் தண்ணீரில், சோதிக்காமல் பெயரைச் சொன்னது நான், தயவுசெய்து உங்கள் ஊர்களில் இதைச் சொல்லுங்கள் என்றார்.

"குறித்துக்கொண்டோம், டொக்டர்" என்றார்கள். அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

அதன்பிறகு அவர் ஒவ்வொரு அதிகாரிக்கும் தனித்தனியே தொலைபேசி எடுத்தார். ஒலிபெருக்கியில் எல்லாம் எங்களுக்குக் கேட்டது. எல்லாரும் நல்ல மனிதர்கள்தான், மரியாதையாகத்தான் பேசினார்கள். நோய் முடிந்துவிட்டதே, மறந்த கதையை ஏன் கிளறவேண்டும் என்றார்கள். பத்திரிகைக்குக் கொடுத்தால் போடமாட்டார்கள், ஆட்கள் நோயைத்தான் பகிர்வார்கள் என்றார் ஒருவர். அவர் சொன்னது சரி. டொக்டர் கையெழுத்திட்டு வெளியிட்ட மறுப்பை எங்கள் அலுவலகத்து ஆட்களைத் தவிர யாரும் பகிரவில்லை. விஷக் கடைப் படம் மட்டும் மாதக்கணக்கில் சுற்றிச் சுற்றி வந்தது.

கடை திறந்தது. பஸ்கள் நிற்கவில்லை. டொக்டர் விடுமுறை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய், பஸ் தரிப்பிடத்தில் சாரதிகளைக் கண்டு பேசியிருக்கிறார். "நாங்க நிப்பாட்டுவம் டொக்டர், ஆக்கள் இறங்காயினம்" என்றார்களாம். இப்போது அவர்கள் ஒரு மைல் கட்டை தள்ளி வேறு கடையில் நிற்பாட்டினார்கள். அந்தக் கடைக்கும் தண்ணீர் அதே பவுசரில்தான் போனது, அதுவும் முந்தி அதே கிணற்றில் இருந்துதான்.

பிறகு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். நாள்தோறும் காலைச் சாப்பாடு நானாவின் கடையில் என்றார். கடையின் முன்வரிசையில், வீதியில் போகிற பஸ்ஸில் இருந்து தெரிகிற மாதிரிக் கதிரையைத் திருப்பிப் போட்டு இருப்பார். இடியப்பம், சொதி, சம்பல். அண்டாவில் தண்ணீர் பிடித்துக் கிளாசை உயர்த்திக் குடிப்பார். கதிரையில் இருந்து சாப்பிட்டு அறியாத மனுசி அரை மணித்தியாலம் இருந்து சாப்பிடுவார். ஜீப் சாரதியும் நானும் பக்கத்தில். "சுகாதார அதிகாரியே சாப்பிடுறா எண்டா சனம் யோசிக்கும்தானே" என்பார். எங்களுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. வெளியே புளியமரத்தடியில் எங்கள் ஜீப் நிற்கும்.

நானா ஒவ்வொரு நாளும் தன் கையாலேயே பரிமாறினார். முன்கோபம் எங்கே போனதோ தெரியாது. ஊர்க்காரர் இரண்டு மூன்று பேர் வருவார்கள், அவ்வளவுதான். பஸ்கள் வேகம் குறையாமல் போகும். யன்னலோரத்தில் இருப்பவர்கள் எங்களைப் பார்ப்பார்கள். சிலர் தொலைபேசியை உயர்த்திப் படமும் எடுப்பார்கள். டொக்டர் அதைக் கண்டு சந்தோசப்படுவார்.

மழை தொடங்கிய பிறகு ஒரு காலை. மற்றவர்கள் ஒருவரும் இல்லை. நானா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"டொக்டர், ஒண்டு சொன்னா குறை நினைக்கப்படாது."

"சொல்லுங்கோ நானா."

"நீங்க இனி வராதேங்கோ."

டொக்டர் கிளாசை வைத்தார்.

"ஜீப்பில எழுதியிருக்கிறது தூரத்திலயும் தெரியுது. சுகாதாரப் பகுதி ஜீப் ஒவ்வொரு நாளும் கடை வாசலில நிண்டா, பஸ்ஸில போறவன் என்ன நினைப்பான்? இன்னும் செக் பண்ணுறாங்கள், இன்னும் ஏதோ பிழை இருக்கு எண்டுதானே. நேத்தும் ஒரு படம் வந்தது. நீங்க தண்ணியைத் தூக்கி வெளிச்சத்தில பாக்கிற மாதிரி இருக்கு."

அவர் தொலைபேசியை நீட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. கிளாசை உயர்த்திய கை, சுருங்கிய கண், பக்கத்தில் நான் கோப்போடு. பார்க்கிற எவனுக்கும் அது பரிசோதனைதான். இத்தனை மாதமும் எங்களில் ஒருவருக்கும் இது படவில்லை. கடைகளுக்கு எங்கள் ஜீப்பில் போய் இறங்கியே பழகியவர்கள் நாங்கள், வெளியில் நின்று எங்களைப் பார்த்ததே இல்லை.

"எப்ப இருந்து இப்பிடி நினைச்சனீங்கள், நானா?"

"முதல் கிழமையே."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீங்க மனசாறத்தான் வந்தனீங்க. வந்து சாப்பிடுற ஆளை எழும்பிப் போங்கோ எண்டு எப்பிடிச் சொல்லுறது? இண்டைக்கும் சொல்லியிருக்கமாட்டன். வீட்டில அவ அழுதுட்டா."

குசினி வாசலில் அவருடைய மனைவி நின்றார். டொக்டரைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். டொக்டர் தேத்தண்ணியை முழுவதும் குடித்தார். எழும்பி, கதிரையை மேசைக்குள் தள்ளி வைத்தார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ நானா" என்றார். அதற்கு முன் எத்தனையோ கூட்டங்களில் அவர் பிழையை ஒத்துக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். இந்தமுறை குரல் எழும்பவில்லை. முகத்தில் ஒரு வெளிச்சமும் வரவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அதே நேரம் கோபமும் வந்தது. அந்தக் கோபம் அவரிலா என்னிலா என்று தெரியவில்லை.

நாங்கள் போகாமல் விட்டது பிந்திவிட்டது. தைப்பொங்கல் முடிந்து நான் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் போனபோது கதவில் பெரிய பூட்டுத் தொங்கியது. ரயர்க் கடைக்காரரிடம் விசாரித்தேன். சாமான்களை லொறியில் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு புத்தளத்துக்கே திரும்பிப் போய்விட்டார்கள் என்றார். "திரும்பவும் அங்கயே போறதுக்கு எண்டு ஆர் இஞ்ச வந்து கடை போடுவினம், பாவம்" என்றும் சொன்னார்.

அன்று புதன்கிழமை. நான் அலுவலகத்துக்குத் திரும்பியபோது கூட்டம் முடிகிற கட்டத்தில் இருந்தது. டொக்டரின் காதுக்குள் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். தலைமை தாங்கியவர் வேறு ஏதும் உண்டா என்று கேட்டார்.

"உண்டு" என்றார் டொக்டர். "போன வருடத்துச் செங்கமாரியில் பாதிக்கப்பட்டவர்களோடு இன்னும் ஒரு குடும்பத்தைச் சேர்க்கவேண்டும். கடைக்காரர், அவர் மனைவி, மனைவியின் தங்கை."

"அவர்களுக்கு நோய் இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"நோய் இல்லை. இரண்டாவது முறையும் ஊரை விட்டுப் போயிருக்கிறார்கள்."

"அது எங்கள் விஷயத்துக்குள் வராதே, டொக்டர்" என்றார் ஒரு இளம் அதிகாரி. குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "அது தொற்று இல்லையே."

"தொற்றுத்தான்" என்றார். "இந்தக் கூட்டத்தில் இருந்துதான் பரவியது. பரப்பியது நான்."

தலைமை தாங்கியவர் எல்லாருக்கும் நன்றி சொல்லி, அடுத்த புதன்கிழமை சந்திப்போம் என்றார். திரையில் இருந்த முகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. டொக்டர் இருந்த இடத்திலேயே இருந்தார்.